வடிவத்தை நம்பலாமா? பழைய கணினி டிரைவ்களின் பின் வரிசையைக் கண்டறிதல்

பழைய மெக்கின்டாஷ் கணினியின் முதுகில் 19 துளைகள் கொண்ட ஒரு கனெக்டர் இருக்கும். வெளி பிளாப்பி டிரைவுக்கான இடம் அது. அட்டாரி எஸ்டி கணினியின் முதுகிலும் அதே அளவில், அதே 19 துளைகளோடு ஒன்று உண்டு. அது ஹார்டு டிஸ்குக்கானது. நெக்ஸ்ட் கணினியில் இதே கனெக்டர் வழியாகத் திரைக்கான இணைப்பு போகிறது. மேக்கில் 5ஆம் பின்னில் −12 வோல்ட், 6இல் +5, 7இலும் 8இலும் +12. அட்டாரியிலோ 1 முதல் 8 வரை முழுவதும் தரவுக் கோடுகள். அட்டாரிக்கான ஹார்டு டிஸ்க் கேபிளை மேக்கில் செருகினால் தடையில்லாமல் பொருந்தும். பொருந்திய உடனேயே மூன்று தரவுக் கோடுகளில் ஏறக்கூடாத மின்னழுத்தம் ஏறும். அந்தக் கோடுகளின் மறுமுனையில் இருக்கும் சில்லுகள் ஐந்து வோல்ட்டில் வேலை செய்பவை. அவை பிழைக்காது.

பழைய வெளி டிரைவ்கள், அவற்றின் கேபிள்கள், அடாப்டர்கள் ஆகியவற்றின் பின் வரிசையை எப்படி அறிவது என்ற கேள்வியை இங்கே முழுமையாக எடுத்துப் பார்க்க விரும்புகிறேன். என் நிலைப்பாடு இதுதான்: கனெக்டரின் வடிவமும் பின்களின் எண்ணிக்கையும் எதையும் உறுதிசெய்வதில்லை. கிரவுண்ட் எந்தெந்தப் பின்களில் விழுகிறது என்பதே முதல் சான்று. மின்சாரம் எங்கே வருகிறது என்பது இரண்டாவது. சிக்னல்களின் பெயர்கள் கடைசியில் தெரிந்தால் போதும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். டிரைவ்கள் எரிவதற்குக் காரணமும் அதுதான்.

இது பொழுதுபோக்குச் சேகரிப்பாளர்களின் கவலை மட்டுமல்ல. ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985இல் அமிகா கணினியில் வரைந்த படங்கள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தின் பிளாப்பிகளில் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தன. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்றத்தினர் அவற்றை மீட்ட செய்தி 2014இல் வெளிவந்தது. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' விளையாட்டின் மூல நிரல் 2012இல் ஆப்பிள் 2 காலத்து வட்டுகளிலிருந்து வெளியே வந்தது. வட்டின் மேற்பரப்பில் காந்தப் பதிவு உயிரோடு இருந்தாலும், அதை வாசிக்கும் டிரைவுக்குச் சரியான பின்னில் சரியான மின்சாரம் போகாவிட்டால் ஒன்றும் நடக்காது. கடைசியாக எஞ்சிய டிரைவை எரித்துவிட்டால் வட்டும் ஊமையாகிவிடும்.

இத்தனை குழப்பம் ஏன் வந்தது என்பதற்குப் பெரிய மர்மம் ஏதுமில்லை. டி வடிவ உலோக உறை கொண்ட கனெக்டரை கேனன் நிறுவனம் 1952இல் கொண்டுவந்தது. உறுதியானது, கழன்று விழாது, எங்கும் கிடைக்கும். அதனால் 1970களிலும் 80களிலும் வீட்டுக் கணினி செய்தவர்கள் பலரும் அதையே எடுத்துக்கொண்டு, உள்ளே அவரவர் வசதிக்கு ஒயர்களை இட்டார்கள். வெளிச்சாதனங்களுக்குப் பொது விதி எழுத அன்று யாருக்கும் அவசரமில்லை. 19 பின், 23 பின் போன்ற அபூர்வ அளவுகள் பிற்காலத்தில் உற்பத்தியிலிருந்தே நின்றுபோயின. 19 பின் வகையை ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து பணம் போட்டு மறுபடி வார்க்கச் சொல்லி வாங்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்தக் காட்டுக்குள் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. வெளித்தோற்றங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், அவற்றுக்குள் ஓடும் சிக்னல் குடும்பங்கள் மிகச் சில. பிளாப்பி டிரைவ்களில் பெரும்பகுதி ஷுகார்ட் நிறுவனம் 1976இல் எஸ்ஏ400 டிரைவுக்கு வகுத்த 34 பின் அமைப்பின் வாரிசுகள். அதில் ஒற்றைப்படைப் பின்கள் எல்லாம் கிரவுண்ட்; இரட்டைப்படையில் சிக்னல்கள். 8இல் குறியீட்டுத் துடிப்பு, 16இல் மோட்டார், 18இல் திசை, 20இல் நகர்வு, 22இல் எழுதும் தரவு, 24இல் எழுத அனுமதி, 26இல் பூஜ்யத் தடம், 28இல் எழுத்துத் தடை, 30இல் வாசித்த தரவு, இருபக்க டிரைவ் என்றால் 32இல் வட்டின் பக்கம். அட்டாரி எஸ்டியின் 14 பின் வட்டக் கனெக்டரிலும், அமிகாவின் 23 பின்னிலும், 1981இன் ஐபிஎம் பிசியில் வெளி டிரைவுக்கென்று வைத்த 37 பின்னிலும் ஓடுவது ஏறக்குறைய இதே சிக்னல்கள்தான். வேறுபாடு மின்சாரத்தில். அமிகா 12ஆம் பின்னில் +5, 23ஆம் பின்னில் +12 வோல்ட் என்று டிரைவுக்குத் தானே ஊட்டும். அட்டாரியின் 14 பின்னில் மின்சாரமே கிடையாது. டிரைவுக்குத் தனி அடாப்டர் வேண்டும். ஐபிஎம்மின் 37 பின்னும் அப்படியே.

ஆப்பிள் தனிக் குடும்பம். அங்கேயும் வம்சாவளி தெளிவாகத் தெரிகிறது. 1978இன் டிஸ்க் 2 டிரைவுக்கு 20 பின் ரிப்பன் கேபிள். அதன் ஒற்றைப்படைப் பின்களை மட்டும் வரிசையாகப் படித்தால் கிரவுண்ட் நான்கு, பிறகு −12, +5, +12, +12 என்று வரும். ஆறாண்டு கழித்து வந்த மெக்கின்டாஷின் 19 பின் கனெக்டரில் 1 முதல் 8 வரை படித்துப் பாருங்கள்: அதே வரிசை. ரிப்பன் கேபிளை டி வடிவக் கனெக்டரில் அழுத்திப் பொருத்தும்போது, அடுத்தடுத்த ஒயர்கள் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் மாறிமாறிப் போகும். 20 பின்னில் ஒற்றைப்படையாக இருந்தவை 19 பின்னில் மேல் வரிசையாகி நிற்கின்றன. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால், புரியாமல் நிற்கும் பல பின் வரிசைகள் தாமே அவிழ்ந்துவிடும். கனெக்டர்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிடக் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது பயனுள்ளது என்று நான் சொல்வது இதனால்தான்.

டிஸ்க் 2இன் அந்த 20 பின் கேபிளுக்கு இன்னொரு புகழும் உண்டு. அதைத் தவறாகச் செருகத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. ஒரு வரிசை தள்ளிச் செருகினால் 12 வோல்ட் லாஜிக் கோட்டில் ஏறி, டிரைவுக்குள் இருக்கும் 74எல்எஸ்125 என்ற சில்லு எரியும். பழுதான டிஸ்க் 2 கைக்கு வந்தால் பழுது பார்ப்பவர்கள் முதலில் தேடுவது அந்தச் சில்லைத்தான்.

இனி 25 பின். நடைமுறையில் அதிகத் தொல்லை தருவது இதுதான். பிரிண்டர் போர்ட், ஆர்எஸ்-232 சீரியல், ஆப்பிள் வெளி டிரைவ்களுக்கு வைத்த ஸ்கஸி இணைப்பு ஆகிய மூன்றும் ஒரே 25 பின் கனெக்டரில் வந்தன. ஐயோமெகாவின் ஜிப் டிரைவ் ஒன்றே போதும் உதாரணத்துக்கு: பேரலல் வகை, ஸ்கஸி வகை இரண்டுமே ஒரே நீலப் பெட்டி, இரண்டிலும் 25 பின். எதிரே இருப்பது எது என்று அறிய மல்டிமீட்டரை, இரு முனைகளுக்கு நடுவே இணைப்பு இருந்தால் ஒலிக்கும் கன்டினியூட்டி நிலையில் வைத்தால் போதும், மின்சாரம் கொடுக்கவே வேண்டாம். உலோக உறையையோ தெரிந்த ஒரு கிரவுண்டையோ ஒரு முனையால் தொட்டுக்கொண்டு மறுமுனையை ஒவ்வொரு பின்னிலும் வைத்துப் போக வேண்டும். 18 முதல் 25 வரை தொடர்ச்சியாக ஒலித்தால் அது பிரிண்டர் போர்ட் குடும்பம். 7, 9, 14, 16, 18, 24 என்று சிதறி ஒலித்தால் ஆப்பிளின் ஸ்கஸி. 7ஆம் பின்னும், உறையோடு சேர்ந்த 1ஆம் பின்னும் மட்டும் ஒலித்தால் சீரியல். சில நிமிட வேலைதான். ஆர்எஸ்-232இல் கோடுகள் நேர், எதிர் இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு வோல்ட் வரை சாதாரணமாகப் போகும். அதை ஐந்து வோல்ட் ஸ்கஸி சில்லின் மேல் பாய்ச்சுவதைத் தவிர்க்க இந்தச் சோதனை தவிர வேறு காப்பு இல்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு: 25 பின் ஸ்கஸி எல்லாமே ஆப்பிளைப் பின்பற்றியவை அல்ல. பியூச்சர் டொமைன் நிறுவனத்தின் பிசி அட்டைகளில் அதே 25 பின்னில் வேறு வரிசை இருந்தது. ஒலித்த பின்களைத் தாளில் குறித்துக்கொண்டு, தெரிந்த வரிசைகள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். ஒன்றோடும் பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

50 பின் ஸ்கஸியை வடிவமைத்தவர்கள் முன்யோசனைக்காரர்கள். ரிப்பன் கேபிளின் சாதாரண வகையில் 25ஆம் பின்னைத் தவிர ஒற்றைப்படைப் பின்கள் எல்லாம் கிரவுண்ட். 26இல், கோடுகளின் முனையில் வைக்கும் டெர்மினேட்டருக்கான +5 வோல்ட். 25ஆம் பின்னை மட்டும் ஏன் காலியாக விட்டார்கள்? கேபிளைத் தலைகீழாகச் செருகினால் 26ஆம் பின் போய் நிற்கும் இடம் 25. அங்கே கிரவுண்ட் இருந்திருந்தால் மின்சாரம் நேரடியாக ஷார்ட் ஆகும். காலியாக இருப்பதால் ஒன்றும் ஆகாது. செருகுபவரின் கை தவறும் என்று முன்கூட்டியே எண்ணிச் செய்த ஏற்பாடு இது. இந்தத் துறையில் இத்தகைய அக்கறையை அரிதாகவே பார்க்கிறோம். இதே ஸ்கஸியில் இரட்டைக் கோட்டு வகை ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு சிக்னலுக்கும் நேர், எதிர் என்று இரண்டு ஒயர். கனெக்டர் அதே 50 பின்தான். சாதாரண வகையோடு அதை இணைத்தால் சேதம் நிச்சயம் என்று சொல்லும் அளவுக்கு ஆபத்து. இங்கும் கன்டினியூட்டி கைகொடுக்கும்: 3, 5, 7 என்ற ஒற்றைப்படைப் பின்கள் கிரவுண்டோடு ஒலிக்காவிட்டால் அந்தச் சாதனத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். டேப் டிரைவ்களின் க்யூஐசி-02 இணைப்பும் 50 பின் என்பதால், '50 பின் இருக்கிறது, ஸ்கஸிதான்' என்ற முடிவுக்கு அவசரப்படக்கூடாது.

34 பின்னிலும் இரட்டையர்கள் உண்டு. 1980இல் சீகேட்டின் எஸ்டி-506 ஹார்டு டிஸ்க் வந்தபோது கட்டுப்பாட்டுக் கேபிளுக்கு அதே 34 பின்னை எடுத்துக்கொண்டார்கள், கூடவே தரவுக்கு 20 பின். கேபிளைப் பார்த்தே இரண்டையும் பிரிக்கலாம். ஐபிஎம் வழி பிளாப்பி கேபிளில் 10 முதல் 16 வரை உள்ள ஒயர்கள் திருப்பி முறுக்கப்பட்டிருக்கும். ஹார்டு டிஸ்க் கேபிளில் அந்த முறுக்கு 25 முதல் 29 வரை. 40 பின்னில் ஐடிஇ ஹார்டு டிஸ்க் மட்டுமல்ல, மிட்சுமி, பானாசோனிக் நிறுவனங்களின் தொடக்ககால சிடி டிரைவ்களும் இருந்தன. சவுண்ட் அட்டைகளில் இவற்றுக்கெல்லாம் தனித்தனி இடம் வைத்திருந்தது இதனால்தான்.

ஆவணங்களுக்கு வருவோம். சேவைக் கையேட்டில் உள்ள முழு மின்சுற்று வரைபடமே முதல் தரச் சான்று. ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டில் சுற்று வரைபடத்தையே அச்சிட்டுக் கொடுத்தது. கமோடோரும் அமிகாவுக்கு வன்பொருள் கையேடு வெளியிட்டது. ஆப்பிள் மெக்கின்டாஷ் வன்பொருளுக்குத் தனிப் புத்தகமே போட்டது. பிட்சேவர்ஸ் போன்ற ஆவணக் காப்பகங்கள் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான கையேடுகளை வருடிச் சேமித்து வைத்திருக்கின்றன. இரண்டாம் தரம், பலர் தொகுத்த பின் அட்டவணைகள். இவற்றை முழுவதும் நம்பக்கூடாது. அட்டவணையை எழுதியவர் அறிவில்லாதவர் என்பதால் அல்ல. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து எண்ணிட்டார் என்பதைப் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். டி கனெக்டரின் அகலப் பக்கம் மேலே இருக்கும்படி முகத்தைப் பார்த்தால், பின் நீட்டிய வகையில் 1ஆம் பின் இடது மூலையில். துளை வகையில் வலது மூலையில். சால்டர் செய்யும் பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபடி தலைமாறும். வட்டமான ஐந்து பின் டின் கனெக்டரில் எண்கள் 1, 4, 2, 5, 3 என்று சுற்றி வரும். சுற்று வரிசையில் 1, 2, 3 என்று எண்ணியவர் அங்கேயே தவறிவிட்டார். நல்ல வழி ஒன்று உண்டு. பெரும்பாலான கனெக்டர்களின் பிளாஸ்டிக்கில் பின்களின் அருகே எண்கள் மிகச் சிறிதாக அச்சாகியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து அதைப் படித்த பிறகே அட்டவணையைத் திறக்க வேண்டும்.

ஆவணமே கிடைக்காதபோது பெட்டியைத் திறந்து சர்க்யூட் போர்டைத்தான் கேட்க வேண்டும். அது நிறையவே பேசும். 14 கால் லாஜிக் சில்லு என்றால் வழக்கமாக 7ஆம் கால் கிரவுண்ட், 14ஆம் கால் +5. 16 கால் என்றால் 8, 16. இதை வைத்து கனெக்டரின் எந்தப் பின்னுக்கு +5 வருகிறது என்று தேடிப் பிடித்துவிடலாம். கனெக்டருக்கு அருகே 1488, 1489 என்ற எண்கள் தெரிந்தால் ஆர்எஸ்-232. என்சிஆர் 5380 தெரிந்தால் ஸ்கஸி. டபிள்யூடி 1772 அல்லது என்இசி 765 இருந்தால், பிளாப்பி கன்ட்ரோலர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வரும் கேபிள் ஷுகார்ட் வகையாக இருக்க வாய்ப்பு குறைவு. 7438 போன்ற சில்லுகளும் 150 ஓம் மின்தடை வரிசையும் சேர்ந்திருந்தால் ஷுகார்ட். ஒவ்வொரு கோட்டிலும் 220, 330 ஓம் இணை இருந்தால் ஸ்கஸி டெர்மினேட்டர். இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. 220ஐயும் 330ஐயும் தொடராகக் கூட்டினால் 550 ஓம். 18 கோடுகள் பக்கவாட்டில் இணைவதால் 550ஐ 18ஆல் வகுக்க, சுமார் 30 ஓம் வரும். மின்சாரம் இல்லாத நிலையில் தனி டெர்மினேட்டரின் மின்சாரப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்து அந்த எண் வந்தால், கையில் இருப்பது என்ன என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் விற்ற கருவி என்றால் எஃப்சிசி எண் ஒட்டியிருக்கும். அதன் முதல் எழுத்துகள் உண்மையில் அதற்கு அனுமதி பெற்றவர் யார் என்பதைச் சொல்லும். வேறு பெயரில் விற்கப்பட்ட டிரைவின் பிறப்பிடத்தை அதிலிருந்து பிடிக்கலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அடாப்டர். தவறான சிக்னலால் பெரும்பாலும் டிரைவ் வேலை செய்யாமல் நிற்கும், அவ்வளவுதான். தவறான மின்சாரம் அதைக் கொன்றுவிடும். 74 வரிசைச் சில்லுகள் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் வேலை செய்யும்படி உருவானவை; 7 வோல்ட்தான் அவற்றின் கடைசி எல்லை. கமோடோரின் 1541-2 டிரைவுக்கு வெளி அடாப்டரிலிருந்து 5, 12 என்று இரண்டு மின்னழுத்தங்களும் ஒரே நான்கு பின் வட்டக் கனெக்டர் வழியே வருகின்றன. பிற்கால வெளி ஹார்டு டிஸ்க் பெட்டிகளிலும் இதே பழக்கம் தொடர்ந்தது. எந்தப் பின்னில் 5, எதில் 12 என்பதில் நிறுவனங்களுக்குள் ஒற்றுமை இல்லை. பொருந்தும் அடாப்டர் என்று எண்ணிச் செருகினால் ஐந்து வோல்ட் கோட்டில் 12 ஏறும். கணினிக்குள் இருக்கும் மின் கனெக்டர்களில்கூட இந்தக் குழி உண்டு: ஹார்டு டிஸ்குக்கான பெரிய நான்கு பின்னில் முதல் பின் +12, கடைசி +5, பிளாப்பிக்கான சிறிய நான்கு பின்னில் அது தலைகீழ். ஒயர் நிறம் மஞ்சள் என்றால் 12, சிவப்பு என்றால் 5 என்ற வழக்கம் தொழிற்சாலை ஒயரில் உண்மை. யாரோ பிறகு வெட்டி ஒட்டிய கேபிளில் அதை நம்ப முடியாது.

இன்னும் இரண்டு விஷயங்கள். கமோடோர் 64இன் அடாப்டர் 5 வோல்ட் டிசியோடு 9 வோல்ட் ஏசியையும் அனுப்பும். மல்டிமீட்டரை டிசியில் மட்டும் வைத்து அளந்தவருக்கு அந்தப் பின்கள் காலியாகத் தோன்றும். ஆகவே ஒவ்வொரு பின்னையும் இரண்டு முறையிலும் அளக்க வேண்டும். மேலும் அந்த அடாப்டரின் 5 வோல்ட் ரெகுலேட்டர் முதுமையில் பழுதாகும்போது மின்னழுத்தம் உயர்ந்துவிடும். அதனால் நினைவகச் சில்லுகள் போன கணினிகள் ஏராளம். லேபிளில் எழுதியிருப்பது சரியாகவே இருந்தாலும், உள்ளே இருப்பது நாற்பது வயதைத் தொட்ட கருவி. லேபிளை அல்ல, சுமை கொடுத்து அளந்த எண்ணையே நம்ப வேண்டும்.

'செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்' என்ற கருத்து பழுது பார்ப்பவர்களிடையே இன்றும் இருக்கிறது. அனுபவசாலிகள் சிலர் அப்படிச் செய்து வெற்றியும் பெற்றிருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையில் குறைந்த அளவிலிருந்து தொடங்கி ஏற்றிப் பார்ப்பது ஒன்றே நியாயமான சோதனை. பிளாப்பி குடும்பம் என்று தெரிந்த பிறகும், எழுத அனுமதிக்கும் 24ஆம் கோட்டை முதல் சோதனைகளில் இணைக்காமல் விடலாம். அந்தக் கோடு வராதவரை டிரைவால் வட்டில் எழுத முடியாது. உள்ளிருக்கும் தரவுக்கு அது காவல். முதலில் செருகும் வட்டும் இழந்தால் வருந்தாத வட்டாக இருக்கட்டும்.

உண்மையில் தீராத பகுதி 1990களின் மடிக்கணினி டிரைவ்கள். தோஷிபாவின் சில பழைய மடிக்கணினிகளில் ஒரு சுவிட்சைத் தள்ளினால் பிரிண்டர் போர்ட்டே வெளி பிளாப்பி போர்ட்டாக மாறும். பல நிறுவனங்கள் தங்களுக்கென்றே கனெக்டர் செய்து, வரைபடத்தை வெளியிடாமலே விட்டன. இவற்றில் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் டிரைவைப் பார்ப்பதே வழி. உள்ளே பெரும்பாலும் 26 கோட்டுப் பட்டைக் கேபிளோடு சாதாரண மெல்லிய டிரைவ்தான் இருக்கும். அந்தப் பட்டையிலிருந்து வெளிக் கனெக்டர் வரை ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்தால் வரிசை கிடைத்துவிடும். பொறுமை வேண்டும், வேறு திறமை வேண்டாம்.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ பழைய வெளி டிரைவ் ஒன்று கிடந்தால், அதைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கேபிளையும் அடாப்டரையும் டிரைவோடு சேர்த்துக் கட்டி, எதனுடையது எது என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள். அடாப்டரின் லேபிளையும் கனெக்டரின் முகத்தையும் நெருக்கத்தில் படம் எடுத்து வையுங்கள். அளந்து கண்டுபிடித்த பின் வரிசை கையில் இருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்பதையும் சேர்த்து எழுதி மற்றவர்களுக்குக் கொடுங்கள்.